முதலா, லாபமா?

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் முட்டைப் பூச்சையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த வீடுகளுக்கு வருமான வரிச் சட்டத்திலும் ஓர் இடம் இருந்தது. காரைக்குடியில் வரிக் கணக்கு எழுதியே பிழைத்தவன் நான். என் ஐயா பர்மாவின் மோல்மேனில் மேலாளாக இருந்தவர். அக்கரையில் சம்பாதித்த பணத்துக்கு இக்கரையில் கணக்குச் சொல்வது எங்கள் ஊர்களுக்கு மூன்று தலைமுறைப் பழக்கம்.

1929-30இல் பர்மாவின் வங்கி விசாரணைக் குழு எண்ணிப் பார்த்தபோது அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் வட்டிக் கடைகள் இருந்தன. சுமார் 75 கோடி ரூபாய் கடனாக வெளியே நின்றது. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடி மாதாமாதம் நடப்பு வட்டி நிர்ணயித்தார்கள். முதலாளி தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ இருப்பார். கடையை நடத்துவது சம்பளத்துக்குப் போன மேலாள். இப்படி அக்கரைக்குக் கொண்டுவிக்கப் (வியாபாரம் பார்க்கப்) போகிறவருக்குப் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு. தவணை முடிந்ததும் ஐந்தொகை போட்டு, அடுத்து வருகிறவரிடம் பெட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறுவார்.

1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் அதே மூன்று வருடத்தைப் பிடித்துக்கொண்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் வசிப்பவருக்கு வெளிநாட்டு வியாபாரத்தில் கிடைத்த லாபம், கிடைத்த ஆண்டு முடிந்து மூன்று வருடத்துக்குள் இங்கே கொண்டுவரப்பட்டால் வரி உண்டு. கொண்டுவராமல் அங்கேயே கிடந்தால் இல்லை. ஆகவே, அன்று பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இருந்த பர்மாவை விட்டு, இலங்கை, மலாயாவிலிருந்து ஊருக்கு வந்த ஒவ்வோர் உண்டியலின் (பணமாற்றுச் சீட்டின்) மேலும் ஒரே கேள்வி விழுந்தது: இது முதலா, லாபமா? போட்ட முதலைத்தான் திருப்பி எடுக்கிறேன் என்பார் செட்டியார். லாபம் இருக்கும்போது முதலை எடுப்பானேன், வந்தது லாபம்தான் என்பார் அதிகாரி. இரண்டிலும் நியாயம் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் அந்தக் கால வரித் தீர்ப்புகளைப் புரட்டினால் நாலெழுத்து, ஐந்தெழுத்து விலாசங்களோடு (முன்னெழுத்துகளோடு) எங்கள் ஊர்க்காரர்களின் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும்.

அங்கே உள்ள பேரேட்டைக் கொண்டுவா என்று அதிகாரி கேட்கலாம். நடப்பில் இருக்கும் கடையின் பேரேட்டைக் கப்பலில் அனுப்பினால் கடை எப்படி நடக்கும்? அனுப்பாவிட்டால், அதிகாரி தம் அறிவுக்கு எட்டியபடி ஒரு தொகையைப் போட்டு வரி விதிக்க 23ஆம் பிரிவு இடம் கொடுத்தது. சட்டத்தில் இதுதான் கொடுமையான பகுதி என்பேன்.

இதற்கிடையே அக்கரையிலும் வரி வந்தது. இலங்கையில் 1932இல் வருமான வரி தொடங்கியது. 1937 ஏப்ரல் முதல் நாள் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதுவரை ஒரே நாட்டுக்குள் இருந்த வருமானம் ஒரே இரவில் வெளிநாட்டு வருமானமாகியது. மலாயாவில் நிலையான வரி 1948இல்தான். ஒரே லாபத்துக்கு இரண்டு வரி என்பது செட்டியார் சங்கங்களின் தீராத முறையீடாக இருந்தது. பர்மாவுக்கு 1936லேயே நிவாரண ஆணை ஒன்று வந்தது. இலங்கையோடு முறையான ஒப்பந்தம் ஏற்பட 1956 ஆயிற்று.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தையும் சொல்ல வேண்டும். கானாடுகாத்தான் பிரிட்டிஷ் இந்தியா. சில மைல் தள்ளி இருக்கும் கடியாபட்டி சமஸ்தானம். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்றால், ஒரே மாதிரிக் கடை வைத்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் இருவரும் வேறு வேறு. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகே இந்த வேறுபாடு மறைந்தது.

1939 திருத்தம் எல்லாவற்றையும் மாற்றியது. இங்கே நிரந்தரமாக வசிப்பவராகக் கருதப்பட்டால், கொண்டுவந்தாலும் வராவிட்டாலும் உலகமெங்கும் உள்ள வருமானத்துக்கு வரி. கொண்டுவராத பணத்தில் 4,500 ரூபாய் மட்டும் கழிவு. யார் வசிப்பவர் என்பதற்கு வைத்த சோதனைகளில் ஒன்று 182 நாள் தங்குவது. இன்னொன்றில்தான் வீடு வருகிறது: தனக்கென ஒரு வீட்டை இங்கே 182 நாள் பேணி வைத்திருந்து, அந்த ஆண்டில் ஒரு நாள் வந்து தலைகாட்டினாலும் போதும். ஆச்சி விளக்கேற்றி, கூட்டிப் பெருக்கி வைத்திருந்த வீடே ஆம்பளையை வரிக்குள் இழுத்தது. 1961 சட்டத்திலும் சற்றே மாறித் தொடர்ந்த இந்த விதி 1980களில்தான் நீங்கியது.

கூட்டுக் குடும்பத்துக்குச் சோதனை வேறு. குடும்பத்தின் நிர்வாகம் முழுக்க முழுக்க வெளிநாட்டில் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். கொழும்பில் மனைவி மக்களோடு வாழ்ந்து வியாபாரம் செய்த, கூட்டுக் குடும்பத் தலைவரான கானாடுகாத்தான் செட்டியார் ஒருவர், 1941-42 கணக்காண்டில் ஏழு தடவை வந்து 101 நாள் இங்கே இருந்தார். ஊரில் பூர்வீக வீடும் நிலமும் இருந்தன. நில வழக்கை நேரில் வந்து கவனித்தார். வரி விசாரணைக்காக வந்து நின்றதையும் துறை அவருக்கு எதிராகவே எடுத்து வைத்தது. கொழும்புக் கடையின் கடிதங்களையும் கோப்புகளையும் அவர் காட்டவில்லை. உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது; 1951 தீர்ப்புத் தொகுதிகளில் இருக்கிறது. நிரூபிக்கும் பொறுப்பு வரி கட்டுகிறவருடையது என்பதற்கு இன்றும் அதைத்தான் காட்டுகிறார்கள்.

சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் என்னிடம் பாஸ்போர்ட்டை நீட்டும்போது, முத்திரைகளைப் பார்த்து நாள் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். அந்த 182 எங்கள் பாட்டன்மார் மேலும் போட்டுப் பார்த்த எண் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியவைக்க நம்மிடம் இருப்பது நீதிமன்றம் எழுதியது மட்டும். செட்டியார் தரப்புச் சான்று, பூட்டிக் கிடக்கும் வளவு வீடுகளின் மேல்மாடியில் பேரேடாகவும் சிட்டையாகவும் மட்கிக்கொண்டிருக்கிறது. வீட்டைப் பிரித்துத் தூணையும் கதவையும் விற்கும்போது அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுகிறோம். போடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்கள் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகி நிற்கின்றன. அதுபோன்ற ஓர் இடத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், வந்து பார்க்கச் சொல்லுங்கள்.