தொடர்பாடல் பல்கலைக்கழகம் புகுந்த வரலாறு

மாந்தர் பேசத் தொடங்கிய காலத்தைக் கணக்கிட்டுரைக்க எவராலும் இயலாது. ஆயின், செய்தி மக்களைச் சென்றடையும் வகையைத் தனித்துறையாக வகுத்து, அதிலே கலாநிதிப் பட்டம் வழங்கும் வழக்கம் தோன்றி இன்னும் நூறாண்டு நிறையவில்லை. இவ்வழக்கம் வேரூன்றியது, அமெரிக்காவின் அயோவா, இலினோய் என்னும் இரு மாநிலங்களின் அரச பல்கலைக்கழகங்களிலாகும்.

இதற்கு முன்னரே, 1920களில், விஸ்கொன்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லார்ட் பிளையர், பிற துறைகளிற் கலாநிதிப் பட்டத்துக்குப் பயின்றோர் பத்திரிகையியலைத் துணைப்பாடமாகக் கற்க வழிசெய்தார். அத்துணைப்பாடம் தனித்துறையாக உயர்ந்ததற்குப் பெரிதும் காரணராயிருந்தவர் வில்பர் சிராம்.

1907ஆம் ஆண்டிற் பிறந்த சிராமுக்குச் சிறுவயதிலேயே திக்குவாய் ஏற்பட்டது. பள்ளிப்படிப்பு நிறைவுற்றபோது உரையாற்றவேண்டிய மேடையில் அவர் புல்லாங்குழல் வாசித்தார் என்பர். சொல் தடைப்படுவதன் துன்பத்தை அறிந்த அவரே பின்னாளிற் சொல்லின் செலவை ஆராயப் புகுந்தார்.

ஆங்கில இலக்கியத்தில் 1932இல் அயோவாவிலே கலாநிதிப் பட்டம் பெற்ற சிராம், இரண்டாம் உலகப் போரின்போது வாஷிங்டன் சென்று, மக்களுக்குப் போர்ச் செய்திகளை விளக்கும் அரசாங்க அலுவலகத்திற் பணிபுரிந்தார். செய்தி எவ்வாறு மனத்தை மாற்றுகின்றது என்னும் வினா அக்காலத்தில் நாட்டின் உயிர்ப்பிரச்சினையாயிருந்தது. 1943இல் அயோவாவுக்கு மீண்டு, பத்திரிகையியற் கல்லூரியின் தலைமையை ஏற்ற அவர், வெகுசனத் தொடர்பாடலிற் கலாநிதிப் பட்டப்படிப்பைத் தொடக்கினார்.

1947இல் இலினோய் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அங்கே அவர் நிறுவிய தொடர்பாடல் ஆராய்ச்சி நிலையத்திற் பல துறை அறிஞரும் கூடினர். தொலைபேசிக் கம்பிவழிச் செல்லும் குறியீடுகளைக் கணிதத்தால் அளந்த குளோட் சனனின் ஆய்வை, வாரன் வீவரின் விளக்கத்தோடு 1949இல் நூலாக்கியது அப்பல்கலைக்கழகத்தின் பதிப்பகமே. உளவியலறிஞர் சார்ல்ஸ் ஒஸ்குட், ‘நல்லது - தீயது’, ‘வலியது - மெலியது’ போன்ற எதிர்ச்சொற்களுக்கிடையே ஏழு படிகளை அமைத்து, ஒரு சொல் கேட்போர் உள்ளத்திற் பெறும் இடத்தை அளந்தார். அம்முறையை விளக்கும் நூல் 1957இல் வெளிவந்தது.

எனினும், அளவை மட்டும் அறிவாகிவிடாது. ஒலிபரப்பை மேற்பார்வை செய்யும் அமெரிக்க அரசாங்க ஆணைக்குழுவிற் பொருளியலாளராயிருந்த டல்லஸ் சுமித், 1948இல் இலினோய்க்கு வந்து வேறொரு வினாவை எழுப்பினார். வானொலி நிலையம் எவருடைய உடைமை? அதனால் ஊதியம் பெறுவோர் யார்? கேட்போரின் மனத்தை அளப்பதோடு அமையாது, பேசுவோரின் கைப்பொருளையும் ஆராய்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

இவ்விரு நோக்கும் ஒரே கூரையின்கீழ் இடம்பெற்றமையே அந்நிலையத்தின் சிறப்பு. சிராம் 1955இல் ஸ்ரான்போர்ட் என்னும் தனியார் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார், 1987இற் காலமானார். அவர் தொடக்கிய படிப்பு உலகெங்கும் பரவியது. மக்களை இணங்கச் செய்யும் வித்தையை அரசாங்கமும் வணிகரும் தம் செலவிலேயே வளர்த்துக்கொள்வர். அவ்வித்தை எவருக்காக, எவர் பொருளால் இயங்குகின்றது என்று மக்கள் சார்பில் வினவுவதற்கு, மக்கள் வரிப்பணத்தில் வாழும் கல்விக்கூடமே கடமைப்பட்டது. அவ்வினா எழும் வகுப்பறை உள்ளவரை இப்படிப்புக்குப் பொருளுண்டு.