துரையின் துப்பாக்கியும் தோட்டத்துப் பிள்ளைகளும்



சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, வான்கோழியைச் சுடுவதென்றால் எந்த இடத்தைப் பார்த்துச் சுட வேண்டும்?" என்று வினவினான். அமெரிக்க வேட்டைக் காணொளி ஒன்றைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். வகுப்பே சிரித்தது. நான் கடிந்துகொள்ளவில்லை. வினா வினாதானே!

தலையையும் கழுத்தையும் பார்த்துத்தான் சுட வேண்டும். வேட்டைத் துப்பாக்கியின் தோட்டாவுக்குள் ஒரே குண்டு இராது. சிறு சிறு ரவைகள் நிறைந்திருக்கும். குழலைவிட்டு வெளியேறியதும் அவை விரிந்து பரவும். வான்கோழியின் உடலை அடர்ந்த இறகும் தடித்த மார்புத் தசையும் காப்பதால், அங்கே படும் ரவை பெரும்பாலும் பறவையைக் கொல்லாது, காயப்படுத்தும். அது புதருக்குள் ஓடி ஒளிந்து துன்புற்றுச் சாகும். இறகு முடிந்து வெறுந்தோல் தெரிகின்ற கழுத்தைக் குறிவைத்தால் ரவைகள் தலையிலும் கழுத்தெலும்பிலும் பட்டு உடனே உயிர் போகும். தொலைவு கூடக் கூட ரவைகள் சிதறிவிடும் என்பதால், 35 மீட்டருக்கு அப்பால் நிற்கும் பறவையை நல்ல வேட்டைக்காரர் பொதுவாக விட்டுவிடுவார்.

வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. 16ஆம் நூற்றாண்டில்தான் அது கடல் கடந்தது. 1612இல் கோவாவிலிருந்து வந்த ஒன்றைக் கண்டு வியந்த மொகலாய மன்னர் ஜஹாங்கீர், ஓவியர் மன்சூரைக் கொண்டு அதனை வரையச் செய்தார். அப்படியானால் மூதுரையில் வரும் வான்கோழி எந்தப் பறவை என்று எவரேனும் கேட்டால், அதற்குத் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டியிருக்கும்!

நம் பேராக் காடுகளில் உள்ளவை காட்டுக்கோழியும் காட்டுப்பன்றியும். இளம் ரப்பர்க் கன்றுகளைப் பன்றிகள் தோண்டிக் கெடுத்ததால் தோட்டங்களில் துப்பாக்கி தேவைப்பட்டது. ஆனால் அது பெரும்பாலும் துரையின் பங்களாவில்தான் இருந்தது. லயத்து மக்களுக்கு வாய்த்தவை கண்ணியும் உண்டிவில்லுமே.

துரைமார்களுக்கு வேட்டை ஒரு பொழுதுபோக்கு. ஈப்போ ரயில் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குடும்பம் நினைவுக்கு வரும். அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக். அவருடைய உடன்பிறந்தவரான தியோடர் ஹப்பேக் ரப்பர் பயிரிட்டவர். யானை, காட்டெருது வேட்டையில் பெயர்பெற்றவர். 1905இல் அதைப் பற்றி நூலே எழுதியவர். அவரே பின்னாளில் மனம் மாறி வனவிலங்குகளுக்காக வாதாடினார். 1930இல் அமைந்த மலாயா வனவிலங்கு ஆணையத்திற்குத் தலைமை தாங்கி 1932இல் அறிக்கை அளித்தார். இன்றைய தாமான் நெகாரா 1938-39இல் உருவானதற்கு அவருடைய உழைப்பே முதற்காரணம். இதில் நாம் பெருமைப்பட ஒரு செய்தியும் உண்டு: அதற்கெல்லாம் முன்பே, 1903இல், நம் பேராக்கின் சியோரில் விலங்குக் காப்பகம் ஏற்பட்டுவிட்டது.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் துப்பாக்கி மனிதர்களை நோக்கித் திரும்பியது. எல்ஃபில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கரும், பின் சூன் தோட்டத்தில் ஜான் எலிசனும் இளைஞரான இயன் கிறிஸ்டியனும் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாள்களில் நாடு முழுதும் அவசரகாலம் வந்தது. உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் மரண தண்டனை என்ற விதி அடுத்த மாதமே பிறந்தது. அந்த விதிக்குப் பலியானவர்களுள் நம் பிள்ளைகள் அறிய வேண்டிய பெயர் எஸ்.ஏ. கணபதி. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு வேண்டியும் அந்த உயிர் தப்பவில்லை.

அவசரகாலம் 1960இல் முடிந்தது. சட்டத்தின் கடுமை முடியவில்லை. குற்றம் புரியும்போது துப்பாக்கியால் சுட்டால் கட்டாய மரண தண்டனை என்று 1971ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 'கட்டாயம்' என்பது 2023இல்தான் நீக்கப்பட்டது.

இவற்றை அந்த மாணவனிடம் சுருக்கமாகச் சொன்னேன். வீடு திரும்பித் தந்தையாரிடமும் இதைப் பற்றிப் பேசினேன். 1950களின் தொடக்கத்தில் அவர் தோட்டத்துச் சிறுவர். பன்றிச் சூட்டுக்கு மறுநாள் விடியலில் நிரைகளுக்கிடையே ஓடி, பித்தளை அடியுள்ள வெற்றுத் தோட்டாக் கூடுகளைப் பிள்ளைகள் பொறுக்குவார்களாம். மூக்கருகே வைத்து வெடிமருந்து வாசனை பார்ப்பதில் அத்தனை இன்பமாம். ஒரு நாள் அவருடைய காற்சட்டைப் பையில் ஒரு கூட்டைப் பாட்டி கண்டுவிட்டார். ஒரு சொல்லும் பேசவில்லையாம். முதலில் கதவைச் சாத்தினார். பிறகு அதை அடுப்பில் போட்டார். இருட்டியதும் எஞ்சிய பித்தளையை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் தனியாக நடந்தார். வெற்றுக் கூடு குற்றமாகுமா ஆகாதா என்று அவரிடம் சொல்ல அந்த லயத்தில் எவருமில்லை.