சட்டம் போனது, சக்லா போகவில்லை: 1886 ஜூன் சுற்றறிக்கை குறித்து ஒரு மறுவாசிப்பு

பிரிட்டிஷ் இந்தியாவில் பரத்தையர் விடுதிகள் மீதான அரசுக் கட்டுப்பாட்டை இருபதாண்டுக் கதையாக எழுதுவது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. 1868ஆம் ஆண்டின் 14ஆம் சட்டமான இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம் அதன் தொடக்கம். பெண்களைக் கட்டாய மருத்துவச் சோதனைக்கு ஆளாக்குவதைக் கண்டித்து 1888 ஜூன் 5 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவை நிறைவேற்றிய தீர்மானமும், அதே ஆண்டில் அச்சட்டம் நீக்கப்பட்டதும் அதன் முடிவு. 1886 ஜூன் 17 அன்று சிம்லாவிலிருந்து வெளியான படைச் சுற்றறிக்கை இந்தக் கதையின் நடுவே ஓர் அவமானமாக, சட்டத்தைத் தாண்டிச் சென்ற அதிகாரிகளின் அத்துமீறலாக வந்துபோகிறது. இந்த வாசிப்பு பொருந்தவில்லை என்பதே என் கருத்து. அத்துமீறல் என்று கொள்ள வேண்டுமானால், மீறப்பட்ட சட்டம் ஒன்று இருந்திருக்க வேண்டும். படைமுகாம்களில் அப்படியொரு சட்டம் இல்லை.

தலைமைத் தளபதி பிரெடரிக் ராபர்ட்ஸின் பெயரால் குவார்ட்டர் மாஸ்டர் ஜெனரல் சாப்மன் வெளியிட்ட அந்தச் சுற்றறிக்கை நான்கு ஏற்பாடுகளை வலியுறுத்துகிறது. படைப்பிரிவுக் கடைத்தெருவில் போதிய எண்ணிக்கையில் பெண்கள் இருக்க வேண்டும். அவர்கள் போதிய கவர்ச்சி உடையவர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்குத் தகுந்த வீடுகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கழுவிக்கொள்ளும் வசதி எப்போதும் இருக்க வேண்டும். தூய்மையின் நன்மையை இளம் வீரர்களுக்கு எடுத்துச் சொல்லி, அதற்கான வசதி சக்லாவிலேயே, அதாவது படைப்பிரிவுக் கடைத்தெருவின் பரத்தையர் விடுதியிலேயே, இருப்பதை உணர்த்தினால், படை அதிகாரிகளின் அங்கீகாரம் பெறாத பெண்களிடம் அவர்கள் போகமாட்டார்கள் என்ற எதிர்பார்ப்பும் அதில் சொல்லப்படுகிறது.

1888இல் இது இங்கிலாந்தில் அச்சேறியபோது கவர்ச்சி பற்றிய பகுதிதான் தீப்பற்ற வைத்தது. தொற்றுநோய்ச் சட்டங்களை எதிர்த்துப் போராடிய ஜோசபின் பட்லரும் அவர் இயக்கத்தாரும் அதைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை; ஒரு பேரரசின் படைத்தலைமை தன் வீரர்களுக்குப் பெண்களைத் தேர்ந்து வைக்கச் சொன்னதைவிட வலுவான சான்று அவர்களுக்குக் கிடைத்திருக்காது. ஆனால் பிரசாரத்துக்குப் பயன்பட்ட பகுதியையே ஆவணத்தின் மையம் என்று ஆய்வாளர்களும் ஏற்றுக்கொண்டது நமக்கு நட்டமாயிற்று. கவர்ச்சி இங்கே ஒரு கருவி. வீரனை அங்கீகரிக்கப்பட்ட வீட்டுக்குள்ளேயே நிறுத்திவைப்பதுதான் நோக்கம். ஆவணம் முழுதும் அங்கீகாரம் பெற்றவள், பெறாதவள் என்ற ஒற்றைப் பிரிவினையின் மேல் நிற்கிறது.

அந்தப் பிரிவினை சாப்மனின் கண்டுபிடிப்பன்று. 1864ஆம் ஆண்டின் 22ஆம் சட்டமான கன்டோன்மென்ட் (படைமுகாம்) சட்டம், பரத்தையர் விடுதிகளைச் சோதிக்கவும் கட்டுப்படுத்தவும் மேகநோய் பரவாமல் தடுக்கவும் விதிகள் வகுத்துக்கொள்ளும் அதிகாரத்தை வழங்கியிருந்தது. அதன் கீழ் எழுந்த விதிகள் முகாம் பெண்களை இரண்டாகப் பிரித்தன: ஐரோப்பியர் நாடும் பெண்கள், நாடாத பெண்கள். பதிவும் சோதனையும், மேகநோய் கண்ட பெண்களுக்கான லாக் ஆஸ்பத்திரி அடைப்பும் முதல் வகுப்பாருக்கே. இரண்டாம் வகுப்பாரின் உடல்நலம் பற்றி அரசுக்குக் கவலை இருக்கவில்லை. 1868ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதன்மைக் களம் கல்கத்தா, பம்பாய், சென்னை போன்ற நகரங்கள். முகாம்களில் ஆண்டது கன்டோன்மென்ட் சட்டமும் அதன் விதிகளும். ஆகவே 1888இல் நீக்கப்பட்டது நகரத்துச் சட்டம். சிம்லாச் சுற்றறிக்கை பேசிய இடமோ வேறு.

இதே ஆவணத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு விளக்கமும் உண்டு. தண்ணீர், தூய்மை, அறிவுரை ஆகியவற்றுக்குத் தரப்பட்ட அழுத்தத்தைக் காட்டி, கட்டாயத்திலிருந்து தன்விருப்பத்துக்கு அரசு நகர்ந்ததன் அடையாளம் இது என்பார்கள். இங்கிலாந்தில் தொற்றுநோய்ச் சட்டங்கள் 1886 ஏப்ரலில்தான் நீக்கப்பட்டன. ஜூனில் சிம்லா குரலைத் தணித்துக்கொண்டது என்று சொல்லும்போது கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருக்கு என்ன சொல்லப்படுகிறது என்று பாருங்கள். வீரனுக்கு அறிவுரை, அவன் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். பெண்ணுக்கு எதுவுமே சொல்லப்படவில்லை. அவள் எண்ணப்படுகிறாள், தேர்ந்தெடுக்கப்படுகிறாள், ஒரு வீட்டில் வைக்கப்படுகிறாள். அவள் மறுத்தால் என்ன செய்வது என்ற கேள்விகூட எழவில்லை. அந்தத் தன்விருப்பம் முழுக்க ஆணுடையது.

சுற்றறிக்கை வெளிவந்த துறையைப் பற்றியும் போதிய கவனம் செலுத்தப்படவில்லை. மருத்துவத் துறையிலிருந்தோ சட்டத் துறையிலிருந்தோ வராமல், தங்குமிடமும் தளவாடமும் கவனிக்கும் துறையிலிருந்து அது வந்தது. வீடு, தண்ணீர், போதிய எண்ணிக்கை என்பவை அத்துறையின் அன்றாட அலுவல்கள். முகாம் அதிகாரிகளும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். சுற்றறிக்கையை மேற்கோள் காட்டி, இளமையும் கவர்ச்சியும் உள்ள பெண்களை அனுப்பும்படி படைப்பிரிவுகளிலிருந்து கோரிக்கைகள் எழுந்தன. கூடாரமும் கோவேறு கழுதையும் கேட்கும் நடையில் எழுதப்பட்டவை அவை. அந்தக் கடிதங்களில் வெட்கமோ தயக்கமோ தென்படவில்லை. பழகிய நடைமுறையின் தொனிதான் கேட்கிறது.

நம் கைக்குக் கிடைத்த வாசகம் எதிர்ப்பாளர்கள் அச்சிட்டுப் பரப்பியது என்பதை மறக்கலாகாது; வாசகத்தோடு அவர்கள் சேர்த்த விளக்கங்களைப் பிரித்தே படிக்க வேண்டும். ஆனால் சுற்றறிக்கையே பொய் என்று அரசு ஒருபோதும் சொல்லவில்லை. வாசகத்தை ராபர்ட்ஸ் நேரில் பார்த்தாரா என்ற சர்ச்சையில் பலர் பக்கங்களைச் செலவிட்டிருக்கிறார்கள். அது ஒரு தளபதியின் நற்பெயர் பற்றிய வழக்கு. பெண்களின் நிலைமை அதனால் மாறவில்லை. வீரர்களிடையே மேகநோய் உண்மையிலேயே மிகுந்திருந்தது என்ற சமாதானமும் வெகுதூரம் செல்லாது. நோய்தான் கவலை என்றால் நோயைக் கொண்டுவந்த வீரனையும் அதே முறையில் சோதித்திருக்க வேண்டும்.

1888க்குப் பின் நடந்தவை என் வாசிப்புக்குத் துணை நிற்கின்றன. 1889இல் புதிய கன்டோன்மென்ட் சட்டம் வந்தது. தொற்றுநோய் என்ற பொதுப்பெயரின் கீழ், மருத்துவமனைக்கு வர மறுப்பவரை முகாமிலிருந்து வெளியேற்ற வழி வைத்தார்கள். எலிசபெத் ஆண்ட்ரூ, மருத்துவர் கேத்தரின் புஷ்னெல் என்ற இரு அமெரிக்கப் பெண்கள் 1892 தொடக்கத்தில் முகாம்களைச் சுற்றிவந்து சக்லாப் பெண்களிடமும் அவர்களை மேய்த்த மகல்தாரனிகளிடமும் பேசினார்கள். பதிவும் சோதனையும் தொடர்வதை அவர்கள் எழுதினார்கள். மதப்பற்றும் மதுவிலக்கு ஆர்வமும் கொண்ட அவர்களின் சாட்சியத்தை ஐயத்தோடு அணுகுவது முறைதான். ஆனால் 1893இல் இந்திய அமைச்சர் அலுவலகம் அமைத்த குழு அதன் சாரத்தை உறுதிசெய்தது. முன்பு மறுத்துவந்த ராபர்ட்ஸ் அவ்விரு பெண்களிடமும் மன்னிப்புக் கேட்டார். 1895இல் கட்டாயச் சோதனையை வெளிப்படையாகத் தடைசெய்து திருத்தச் சட்டம் வந்தது. 1897இல் புதிய விதிகள், மருத்துவமனைக்கு வா அல்லது முகாமை விட்டுப் போ என்ற அதே நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்தன.

நாடாளுமன்றத்தில் வென்றதெல்லாம் விதிகளில் தோற்றது. ஆகவே இத்துறையின் காலவரிசையைச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுப்பதை நிறுத்த வேண்டும். முகாம் மாஜிஸ்திரேட்டுகளின் உத்தரவுகள், லாக் ஆஸ்பத்திரி ஆண்டறிக்கைகள், கன்டோன்மென்ட் குழுக்களின் குறிப்புகள் ஆகியவற்றில்தான் அந்தப் பெண்கள் வாழ்ந்த சட்டம் இருக்கிறது. பெங்களூர், பரங்கிமலை, வெலிங்டன் போன்ற தென்னக முகாம்களின் ஆவணங்களை இந்தக் கேள்வியோடு படிக்க ஆய்வாளர்கள் முன்வர வேண்டும்.

வெளியேற்றும் அதிகாரம் முகாமோடு நின்றுவிடவில்லை. நேரடி மரபுத் தொடர்ச்சியை இக்கட்டுரை நிறுவவில்லை; ஆனாலும் ஒன்றைப் பதிவுசெய்ய வேண்டும். சுதந்திர இந்தியா 1956இல் இயற்றிய ஒழுக்கக்கேடான வணிகத் தடைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, விபச்சாரத்தில் ஈடுபடுபவர் என்று கருதப்படும் ஒருவரைத் தம் அதிகார எல்லைக்குள் ஓரிடத்திலிருந்து வெளியேற்ற மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிறது. அப்பிரிவு இன்றும் சட்டப் புத்தகத்தில் உள்ளது.