சுவருக்குப் பின்னால் ஓர் அறை

சூப்பர்ஹீரோ வீடியோ கேம்களில் ஒளித்துவைத்த பொருட்களைத் தேடி நம் வீட்டுப் பிள்ளைகள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒளித்துவைக்கும் இந்த வழக்கம் பிரபலமானதற்குப் பின்னால் ஒரு தொழிலாளியின் மனக்குறை இருக்கிறது.

1970களின் இறுதியில், அமெரிக்காவின் அட்டாரி நிறுவனத்தில் ஒரு விளையாட்டை ஒரே ஆள் முழுதாக உருவாக்குவார். படம், ஓசை, நிரல் எல்லாம் அவர் வேலை. ஆனால் அவர் பெயரை எங்கேயும் போடமாட்டார்கள். வாரன் ராபினெட் அப்போது எழுதிக்கொண்டிருந்தது 'அட்வெஞ்சர்'. அதன் நிரலை அடிப்படையாக வைத்தே ஜான் டன் 1979இல் 'சூப்பர்மேன்' விளையாட்டைச் செய்தார். சூப்பர்ஹீரோ வீடியோ கேம்களில் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று.

ராபினெட் மேலதிகாரிகளிடம் மூச்சுவிடாமல் 'அட்வெஞ்சரில்' ஓர் அறையைக் கட்டினார். தரையின் நிறத்திலேயே கிடக்கும் ஒற்றைப் புள்ளியைக் கண்டெடுத்து வருபவருக்கே அங்கே வழி. உள்ளே மின்னியது அவர் பெயர்! 1980இல் ஒரு சிறுவன் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினான். ராபினெட் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். அட்டாரி அந்த அறையை நீக்கவில்லை. 'ஈஸ்டர் முட்டை' என்ற பெயர் அப்போது வந்ததுதான்.

2009இல் லண்டனின் ராக்ஸ்டெடி நிறுவனம் வெளியிட்ட 'பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்' விளையாட்டில் ரிட்லர் வைக்கும் சவால்கள் 240. அவற்றைப் பிள்ளைகள் சளைக்காமல் முடித்தார்கள். காப்பக அதிகாரியின் அறைச் சுவருக்குப் பின்னால் இருந்த ரகசிய அறை மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. பேட்மேனின் துப்பறியும் பார்வையிலும் அது தெரியாது. ஒரே இடத்தில் மூன்று முறை வெடிமருந்து பூசி வெடித்தால்தான் திறக்கும். மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு, உருவாக்கியவர்களே 2010இல் சொல்லிவிட்டார்கள்.

உள்ளே ஒரு நகரத்தின் வரைபடம். அந்த நகரத்தில் நடக்கும் 'ஆர்க்கம் சிட்டி' 2011இல் வெளிவந்தது.