சிசிலி: நான்கு எழுத்துகளின் தீவு

மத்தியதரைக் கடலின் தீவுகளுக்கு விடுமுறை கழிக்கச் செல்வோர் பெரும்பாலும் வெயிலைத் தேடியே செல்கின்றனர். ஆண்டின் பாதியை மேகமூட்டத்திலும் பனியிலும் கழிக்கும் வட ஐரோப்பியர்க்கு வெயில் ஒரு செல்வம். கிரீட், ரோட்ஸ், மால்ட்டா, சைப்பிரஸ் என அவர்கள் நாடும் தீவுகள் பல; ஒவ்வொன்றிலும் வரலாறு அடுக்கடுக்காய்க் கிடக்கிறது. அவற்றுள் சிசிலியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கவிதையால் உயிர் பிழைத்தவர்களும், கவிதையில் மட்டுமே ஊர் திரும்பியவர்களும் இருந்த தீவு அது. கவிஞர் கூடும் மன்றத்தின் மலரில் அதை விட்டு வேறொன்றைப் பேச மனம் வரவில்லை.

கிழக்குக் கரையிலுள்ள சிரக்கூஸ், கி.மு. 8ஆம் நூற்றாண்டில் கொரிந்து நகரத்துக் கிரேக்கர் அமைத்த குடியேற்றம். அதன் பழைய கற்குழிகள் இன்று மரஞ்செடிகள் அடர்ந்து பயணிகளுக்கு நிழல் தருகின்றன. கி.மு. 413இல் அங்கே நிழல் இல்லை. சிரக்கூஸை வெல்ல வந்து தோற்ற ஏதென்ஸ் படையினரும் அவர்தம் துணைவருமாக ஏழாயிரம் பேருக்குக் குறையாதவர்கள் அக்குழிகளில் அடைக்கப்பட்டனர் என்கிறார் துசிடிடீஸ். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கால் லிட்டர் அளவு தண்ணீரும் அதைப்போல் இருமடங்கு தானியமும். இறந்தவரின் உடல்கள் உயிரோடிருந்தவரின் பக்கத்திலேயே குவிந்து கிடந்தன. அவர்களுள் சிலர் யூரிப்பிடீஸின் நாடக வரிகளை மனப்பாடமாகச் சொல்லி விடுதலை பெற்றனர் என்றும், ஊர் திரும்பியதும் அக்கவிஞரைத் தேடிச் சென்று நன்றி கூறினர் என்றும் புளூட்டார்க் எழுதுகிறார். அவர் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர்; செய்தியை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் பகைவன் நாட்டுக் கவிஞனின் வரிக்காக ஏங்கிய ஊர் என்று ஓர் ஊரைப் பற்றிக் கதை எழுந்ததே, அது போதாதா? அந்நகரின் கிரேக்க அரங்கில் 1914இல் பழைய நாடகங்களை மீண்டும் நடிக்கத் தொடங்கினர். முதலில் ஏறியது ஈஸ்கிலஸின் அகமெம்னான்.

சிரக்கூஸின் தலைமைத் தேவாலயத்தையும் ஒரு சொல்லில் கடந்துவிட முடியாது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அத்தீனா தேவிக்கு எழுப்பிய கோயிலின் தூண்கள் இன்றும் அதன் சுவர்களுக்குள் புதைந்து நிற்கின்றன. தூண்களை இடிக்காமல் அவற்றுக்கிடையே சுவர் எழுப்பிக் கிறித்தவக் கோயிலாக்கினர்.

கி.பி. 827இல் அராபியப் படை சிசிலியில் இறங்கியது. 831இல் பலெர்மோவும் 878இல் சிரக்கூஸும் அவர்கள் வசமாயின. நீர்ப்பாசனமும் கரும்பும் எலுமிச்சையும் அவர்களோடு வேர்கொண்டன. இன்று சிசிலி என்றதும் பயணிகள் நினைக்கும் பொன்னிறப் பழத்தோட்டங்கள் அக்காலத்து விதைப்பு. அந்த அராபிய சிசிலியின் பெருங்கவிஞர் இப்னு ஹம்தீஸ். ஏறத்தாழ 1056இல் பிறந்தவர். நார்மானியர் தீவை ஊர் ஊராகக் கைப்பற்றி வந்த காலத்தில், இருபது வயதைச் சற்றே கடந்த நிலையில், கடல் கடந்து செவில் நகர அரசன் அல்முத்தமிதின் அவையை அடைந்தார். அவ்வரசனும் 1091இல் அரியணை இழந்து மொரோக்கோவுக்கு நாடு கடத்தப்பட்டான். அவனும் கவிஞன் என்பது வேறு செய்தி. இப்னு ஹம்தீஸ் 1133இல் மறையும்வரை சிசிலி மண்ணை மீண்டும் மிதிக்கவில்லை. பிறந்த ஊரை எண்ணி ஏங்கும் பாடல்களே அவர் திவானின் உயிர்ப்பகுதி. அத்தீவில் அராபியர் எழுப்பிய கட்டடங்களில் இன்று எஞ்சியவை மிகக் குறைவு. அவர் பாடல்கள் எஞ்சியுள்ளன.

நார்மானிய மன்னர் இரண்டாம் ரோஜரின் பலெர்மோவைப் பயண வழிகாட்டி நூல்கள் வாயாரப் புகழ்கின்றன. அரண்மனைக் கோயிலில் கிரேக்க மரபின் பளிங்குச் சில்லு ஓவியங்களுக்கு மேலே அராபியத் தச்சுமுறை மரவிதானம் கவிந்துள்ளது. அல்இத்ரீசி என்ற அராபிய அறிஞர் 1154இல் உலக நிலவியல் நூலை முடித்ததும் அம்மன்னருக்காகவே. ஆயினும் இவற்றையெல்லாம்விட என்னை ஈர்ப்பது ஒரு சிறு கல். ரோஜரின் பணியிலிருந்த கிரிசாந்துஸ் என்ற குரு, 1149இல் தம் தாய் அன்னாவுக்காக எழுதுவித்த கல்லறைக் கல் அது. மேலே எபிரேய எழுத்தில் அராபிய மொழி; இருபுறமும் இலத்தீனும் கிரேக்கமும்; கீழே அராபியம். ஒவ்வொரு மொழியிலும் ஆண்டு அவ்வம் மரபின் கணக்கிலேயே குறிக்கப்பட்டுள்ளது. ஒரு தாயின் இறப்பைத் தெருவில் போவோர் எல்லாரும் படித்தறிய நான்கு எழுத்து வேண்டியிருந்த நகரம் அது. பலெர்மோவின் சீசா மாளிகையில் அக்கல்லைக் காணலாம். மாளிகையின் பெயரே அராபியச் சொல்லின் திரிபுதான்.

வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுகின்றன. ரோஜரின் பேரன் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக், 1220க்குப் பின் கிளர்ந்தெழுந்த சிசிலி முஸ்லிம்களை அடக்கி, ஆயிரக்கணக்கில் இத்தாலியின் பெருநிலத்து லுச்சேராவுக்குப் பெயர்த்தனுப்பினார். அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின், 1300இல், லுச்சேரா அழிக்கப்பட்டு அங்கிருந்தோர் அடிமைகளாக விற்கப்பட்டனர். அதே பிரெடெரிக்கின் அவையில்தான், அதே ஆண்டுகளில்தான், இத்தாலிய மண்ணின் பேச்சுமொழி ஒன்று கவிமொழியாயிற்று. அவை அதிகாரியான ஜாக்கமோ தா லெந்தீனி பதினான்கு வரிகளில் ஒரு புதிய யாப்பு வடித்தார். சானெட் என்று உலகமே கையாளும் வடிவம் அது. ஒரு மொழியின் பாட்டு பிறந்த அரண்மனையிலிருந்தே இன்னொரு மொழியின் மக்களை வெளியேற்றும் ஆணையும் சென்றது. இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்லாத வரலாறு அரைகுறை வரலாறு என்பேன்.

அப்புதிய பாட்டுக்கும் பிழைப்பு எளிதாக அமையவில்லை. 1250இல் பிரெடெரிக் மறைந்தபின் அவை சிதறியது. பாடல்கள் டஸ்கனிக்குச் சென்றன. அங்கே படியெடுத்தோர் சிசிலிச் சொற்களைத் தம் ஊர் ஒலிப்புக்கு மாற்றி எழுதினர். சிசிலி மொழியில் உயிரொலி ஐந்து, டஸ்கனியில் ஏழு. ‘தினிரி’, ‘சிர்விரி’ என்று இயைபு பொருந்தி நின்ற சொற்கள் ‘தெனேரே’, ‘செர்வீரே’ என்றாகிப் பொருந்தாது போயின. பின்வந்த கவிஞரோ அப்பொருந்தாமையையே முன்னோர் வழக்கென்று கொண்டு தம் பாட்டிலும் கையாண்டனர். ‘சிசிலி இயைபு’ என்று அதற்குப் பெயரும் வந்தது. ஏடெழுதுவோர் கைப்பட்டுத் தளை தட்டிய பாடல்களோடு போராடும் நம் பதிப்பாசிரியர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மூல ஒலியிலேயே முழுமையாகக் கிடைக்கும் பாடல் மிக அரிது. ஸ்தெஃபனோ புரோத்தொனோத்தாரோவின் பாடல் ஒன்று, 16ஆம் நூற்றாண்டில் பார்பியேரி என்ற புலவர் எடுத்தெழுதி வைத்ததால் பிழைத்தது. அப்பாடல் இல்லையேல் மற்றவை என்ன ஒலியில் பாடப்பட்டன என்று கணிப்பதும் கடினமாகியிருக்கும்.

தீவில் பிறந்த பிராந்தெல்லோ 1934இலும் குவாசிமோதோ 1959இலும் நோபல் பரிசு பெற்றனர். இருவரும் பெரும்பாலும் எழுதியது இத்தாலியத்தில். பகேரியா ஊரினரான இஞ்ஞாத்சியோ புத்தித்தா (1899–1997) மட்டும் வாழ்நாள் முழுவதும் சிசிலி மொழியிலேயே பாடினார்.

பலெர்மோவின் பழைய யூதத் தெருக்களில் இன்று பெயர்ப்பலகைகள் இத்தாலியம், எபிரேயம், அராபியம் என மூன்று மொழிகளில் உள்ளன. இவற்றில் இடம்பெறாத ஐந்தாவது எழுத்தும் அந்நகரில் உண்டு. 1980களிலிருந்து இலங்கைப் போரினால் பெயர்ந்த தமிழர் பலர் அங்கே குடியேறினர். 1624இன் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்ததாக மக்கள் நம்பும் புனித ரொசாலியாவின் குகைக்கோயில் பெல்லெக்ரீனோ மலைமேல் உள்ளது. கத்தோலிக்கரும் சைவருமாகத் தமிழர் அம்மலைக்கு நடந்தே ஏறி வழிபடுகின்றனர். அன்னாவின் கல் இருக்கும் சீசா மாளிகையிலிருந்து அம்மலை சில கிலோமீட்டர் தொலைவுதான்.