மணியடித்தால் பேரேட்டைத் தொடாதே!

திருநகர் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஆசாமிக்குக்கூட ஒரு கணக்கு உண்டு. இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம், பஸ் வரலையா, ஆட்டோதான். கம்ப்யூட்டருக்கு இந்தப் புத்தி கிடையாது. பதில் வரும்வரை நில் என்றால் நிற்கும். பதில் சொல்ல வேண்டிய மிஷின் மறுமுனையில் செத்தே போயிருந்தாலும் நிற்கும்!

இதற்கு வைத்தியம் பிறந்தது அமெரிக்காவில், பெல் லேப்ஸில். 1969-ல் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். 1973-ல் அதை சி மொழியில் திருப்பி எழுதினார்கள். 1979-ல் வந்த ஏழாம் பதிப்பில் 'அலாரம்' என்று ஒரு குட்டிக் கட்டளை. பத்து என்று எண் கொடுத்தால், பத்தாவது விநாடி ஆபரேட்டிங் சிஸ்டம் புரோகிராமைத் தட்டும். இந்தத் தட்டலுக்குப் பெயர் சிக்னல். எண் 14. தட்டினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால், புரோகிராம் அங்கேயே காலி.

எழுதி வைத்தால் பிரச்னை தீர்ந்ததா? அங்கேதான் ஆரம்பம்.

நான் பி.காம். படித்தவன், எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். குமாஸ்தா ஒருவர் பேரேட்டில் பற்று எழுதிவிட்டார், வரவு இன்னும் எழுதவில்லை. மணி அடிக்கிறது. பேனாவை அப்படியே வைத்துவிட்டு, அதே பேரேட்டில் வேறு கணக்கை எழுதப் போனால்? பாதியில் நின்ற கணக்கின்மேல் இன்னொரு கணக்கு! சிக்னலும் இப்படித்தான், எந்த வரியில் வந்து தட்டும் என்று சொல்லவே முடியாது. மெமரியில் எந்த இடம் யாருக்கு என்று புரோகிராமும் ஒரு பேரேடு வைத்திருக்கிறது. அது பாதியில் நிற்கும்போது மணியடித்தால், அதைத் தொடவே கூடாது. மணி அடித்தது என்று ஒரு துண்டுச்சீட்டு போட்டுவிட்டு, கையிலிருக்கும் கணக்கை முடித்துவிட்டு வர வேண்டும்.

1979 அலாரத்துக்கு வேறு வியாதிகளும் உண்டு. ஒருமுறை தட்டினால் நாம் எழுதி வைத்த ஏற்பாடு அழிந்துவிடும். மறுபடி எழுதி வைப்பதற்குள் இரண்டாவது தட்டல் வந்தால் புரோகிராம் அவுட். 1983-ல் பெர்க்லி பல்கலைக்கழகக்காரர்கள் இதைச் சரி செய்தார்கள். ஆனால் கூடவே ஒரு வேலை பார்த்தார்கள். தட்டி எழுப்பியதும், பழையபடி போய்க் காத்திரு என்று தானாகவே திருப்பி அனுப்பும்படி வைத்துவிட்டார்கள். காத்திருந்தது போதும் என்றுதானே சாமி எழுப்பினோம்! எது வேண்டும் என்று புரோகிராம் எழுதுகிறவரே சொல்லிவிடலாம் என்ற ஏற்பாடு பிறகுதான் வந்தது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

தூரத்திலிருந்து சர்வர்களுக்குள் நுழைய உலகமே நம்பியிருக்கும் வாசல், ஓப்பன் எஸ்.எஸ்.எச். கதவைத் தட்டியவர் 120 விநாடிக்குள் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே வராவிட்டால் அலாரம் அடிக்கும். உடனே அது 'நேரம் முடிந்தது' என்று பதிவுக்குறிப்பு எழுதும். அதாவது, பேரேட்டைத் தொடும்! 2006-ல் மார்க் டவுட் என்ற நிபுணர் இந்த ஓட்டையைக் காட்டினார். அடைத்தார்கள். 2020 அக்டோபரில் பதிவுக்குறிப்பு எழுதும் பகுதியைத் திருத்தியபோது, அந்த அடைப்பு தவறுதலாகக் கழன்றுகொண்டது. யாரும் கவனிக்கவில்லை.

2024 ஜூலை 1-ல் குவாலிஸ் நிறுவனம் போட்டு உடைத்தது. கதவைத் தட்டிவிட்டுச் சும்மா இருந்து, சரியாக 120-வது விநாடியில் பேரேடு பாதியில் நிற்கும்படி செய்தால் போதும், சர்வரே நம் கையில். சராசரியாகப் பத்தாயிரம் முயற்சி. 32 பிட் லினக்ஸில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம். ஆபத்தில் இருக்கக்கூடியவை என்று அவர்கள் சொன்ன எண்ணிக்கை, ஒரு கோடியே நாற்பது லட்சம் சர்வர்கள்!

உடனடி வைத்தியமாகச் சொன்னது என்ன தெரியுமா? 120 என்பதைப் பூஜ்யமாக்கு, மணியே வேண்டாம். ஆனால் மணி இல்லாவிட்டால் சும்மா தட்டிவிட்டு நிற்கிற கூட்டமே வாசலை அடைத்துவிடும்.

அன்றைக்கே வந்த 9.8 பதிப்பில் ஏற்பாட்டை மாற்றினார்கள். மணியடித்தால் உள்ளே இருக்கும் புரோகிராம் ஒரு எழுத்துகூட எழுதாது, சத்தமில்லாமல் வெளியேறிவிடும். அது எதனால் போனது என்று பார்த்துக் குறிப்பு எழுதுவது, வெளியே நிற்கும் தாய் புரோகிராமின் வேலை.