லினக்ஸ் கணினிகளில் உயர் பிரிதிறன், எச்.டி.ஆர் திரைகள்: ஒரு வரலாறு

உயர் பிரிதிறன் திரை என்பது ஓர் அங்குலத்தில் மிக அதிகமான பிக்சல்களை (படப்புள்ளிகளை) அடக்கிய திரை. எச்.டி.ஆர் திரை என்பது மிகுந்த வெளிச்சத்தையும் ஆழ்ந்த இருளையும் ஒரே படத்தில் காட்டவல்ல திரை. இவ்விரண்டும் லினக்ஸ் கணினிகளில் சரிவர இயங்க 2012 முதல் 2025 வரை ஏறத்தாழ 13 ஆண்டுகள் ஆயின. வன்பொருள் முன்பே வந்துவிட்டது. ஆனால், படத்தைத் திரைக்குக் கொண்டுசேர்க்கும் மென்பொருள்கள் பல குழுக்களின் கையில் இருந்தன. அவை ஓர் உடன்பாட்டுக்கு வரவேண்டியிருந்ததே தாமதத்தின் முதன்மைக் காரணம்.

தமிழ்நாட்டுத் திரைகளும் தமிழ் எழுத்தும்

சென்னை சி-டாக் நிறுவனம் 2007இல் டெபியனை அடிப்படையாகக் கொண்ட 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. கோவில்பட்டி, கடம்பூர் போன்ற கரிசல் ஊர்களின் மாணவர்கள் பலருக்கு லினக்ஸ் அறிமுகமாக இத்திட்டம் வழிவகுத்தது.

அக்காலத்து மலிவு மடிக்கணினிகளில் 1366×768 பிக்சல் திரையே பரவலாக இருந்தது. 14 அங்குலத் திரையில் இது அங்குலத்துக்கு ஏறத்தாழ 112 பிக்சல். அருகிலுள்ள சிவகாசியை வளர்த்த அச்சுத் தொழிலிலோ படங்களுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது பொது அளவு.

இந்த வேறுபாடு தமிழில் உடனே தெரியும். மூன்றுசுழி 'ண'வையும் இரண்டுசுழி 'ன'வையும் பிரித்துக் காட்டுவது ஒரு சுழிதான். ஒரு சுழி தெளிவாகத் தெரிய, இரு பக்கக் கோடுகளுக்கும் நடு வெற்றிடத்துக்குமாகக் குறைந்தது மூன்று பிக்சல் வேண்டும். சிறிய எழுத்தில் அவ்வளவு இடம் கிடைப்பதில்லை. விளிம்பை மென்மையாக்கச் சேர்க்கும் சாம்பல் நிறம் சுழியை அடைத்துவிடுகிறது.

96 என்ற அளவு

லினக்ஸ் திரைகளை நீண்ட காலம் இயக்கியது எக்ஸ் சாளர முறைமை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1984இல் தொடங்கிய இதன் பதினோராம் பதிப்பு 1987இல் வெளியானது. பொத்தான், பட்டியல், எழுத்து யாவும் பிக்சல் கணக்கில் வரையப்பட்டன. அங்குலத்துக்கு 96 பிக்சல் என்பதே பொதுவான கணிப்பு.

ஆப்பிள் நிறுவனம் 2012 ஜூனில் 2880×1800 பிக்சல் கொண்ட 15 அங்குல மடிக்கணினியை வெளியிட்டது. அதன் அடர்த்தி அங்குலத்துக்கு ஏறத்தாழ 220. இத்தகைய திரையில் பழைய கணக்கில் வரைந்தால் எழுத்துகள் பாதிக்கும் குறைவாகச் சுருங்கிவிடும்.

2013இல் வந்த குனோம் 3.10 பதிப்பு எல்லாவற்றையும் இரு மடங்காக வரைந்து இதற்கு முதல் தீர்வு தந்தது. ஆனால் பல திரைகளுக்கு ஒரு மடங்கு சிறிது, இரு மடங்கு பெரிது. மேலும், இணைத்த திரைகள் அனைத்தையும் எக்ஸ் ஒரே பரப்பாகக் கருதியதால், மடிக்கணினிக்கு ஓர் அளவும் வெளித்திரைக்கு வேறோர் அளவும் வைப்பது கடினமாக இருந்தது.

வேலண்ட்

கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008இல் தொடங்கிய வேலண்ட் நெறிமுறையின் 1.0 பதிப்பு 2012இல் வந்தது. ஃபெடோரா 25 பதிப்பு 2016இல் இதை இயல்பாக்கியது. வேலண்டில் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி அளவு வைக்கலாம்.

ஒன்றரை மடங்கு போன்ற பின்ன அளவுகளுக்குத் தொடக்கத்தில் படத்தை இரு மடங்காக வரைந்து பின்னர் சுருக்கினார்கள். இதனால் எழுத்து மங்கியது. கணினிக்கும் வேலை கூடியது. 2022இல் ஏற்கப்பட்ட பின்ன அளவு நெறிமுறை இதைச் சீர்செய்தது. அளவை 120இல் இத்தனை பங்கு என்று செயலிக்குத் தெரிவிப்பதால், அது சரியான பிக்சலில் நேரடியாக வரைகிறது.

எச்.டி.ஆர்

வழக்கமான திரையில் ஒவ்வொரு முதன்மை நிறத்துக்கும் 8 பிட், அதாவது 256 படிநிலைகள். எச்.டி.ஆரில் பொதுவாக 10 பிட், அதாவது 1024 படிநிலைகள். பரவலாகப் பயன்படும் எச்.டி.ஆர் குறியீட்டு முறை 10,000 நிட் வரையிலான ஒளிர்வைக் குறிக்கவல்லது.

சிக்கல் கலப்பில் எழுந்தது. ஒரு சாளரத்தில் எச்.டி.ஆர் திரைப்படமும் பக்கத்தில் சாதாரண உரையும் இருந்தால், உரைக்குப் பின்னுள்ள வெண்மை கண்கூசும்படி எரியக்கூடாது. ஆகவே ஒவ்வொரு சாளரமும் தன் நிறவெளியையும் ஒளிர்வையும் அறிவிக்க ஒரு பொதுமுறை தேவைப்பட்டது.

இன்டெல் பொறியாளர் உமா சங்கர் எழுதிய நிரல்வழி, எச்.டி.ஆர் விவரங்களைத் திரைக்கு அனுப்பும் வசதி 2019இல் லினக்ஸ் கர்னல் 5.3இல் சேர்ந்தது. சாளரங்களுக்கான நிற மேலாண்மை நெறிமுறையோ பல ஆண்டு விவாதத்துக்குப் பின் 2025 பிப்ரவரியில்தான் ஏற்கப்பட்டது. அதற்கு முன்பே, 2024 பிப்ரவரியில், கே.டி.இ பிளாஸ்மா 6 தொடக்கநிலை எச்.டி.ஆர் ஆதரவுடன் வந்தது. 2025 மார்ச்சில் குனோம் 48 தொடர்ந்தது.

இன்றைய நிலை

எச்.டி.ஆரால் பயன்பெறுவன திரைப்படம், ஒளிப்படம், விளையாட்டு ஆகியவை. தமிழ் உரைக்குப் பயன் தருவது பிரிதிறனே. 14 அங்குல 4கே திரையில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 315 பிக்சல் அமைவதால் அச்சுக்கு நிகரான தெளிவு கிடைக்கிறது. மென்பொருள்வழித் தடை பெரும்பாலும் நீங்கிவிட்டது. எஞ்சியிருப்பது திரையின் விலை. 1366×768 திரையில் பாடம் படிக்கும் மாணவருக்கு மூன்றுசுழி 'ண' இன்னும் சற்று மங்கலாகவே தெரிகிறது.